மாமாவின் இன்பாக்ஸ்: குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

மாமா: எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. மின்னஞ்சல் எழுதவும் படிக்கவும் இப்போது தடை இல்லை. ஆனால் காலையில் ஜிமெயிலைத் திறந்தால், விளம்பரங்கள், செய்திமடல்கள், ஓய்வுபெற்றோர் குழுவில் நடக்கும் விவாதங்கள் என்று ஒவ்வொன்றின் தலைப்பையும் கேட்டுக் கடந்த பிறகுதான் மருத்துவமனையிலிருந்து வந்த அறிவிப்பை எட்ட முடிகிறது. பார்வை இருந்தபோது இவற்றைக் கண்ணாலேயே தாண்டிவிடுவேன். வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்துவைக்கும் வடிகட்டிகள் அமைத்தால் இந்தச் சிரமம் குறையும் என்கிறார்கள். ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு அதை நானே செய்ய முடியுமா?

தம்பி: மாமா, இதற்கு நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்? நான் இங்கிருந்தே உங்கள் கணினியை இயக்கி, தேவையான எல்லாவற்றையும் இன்றிரவே அமைத்துத் தந்துவிடுகிறேன்.

அக்கா: தம்பி, நீ அன்போடு சொல்கிறாய் என்பது தெரியும். ஆனாலும் இதை மாமாவே செய்வதுதான் நல்லது. வடிகட்டியை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட முடியாது. அனுப்புபவர்களின் முகவரி மாறும், புதிய குழுக்கள் சேரும், வேண்டாத ஒன்றை நிறுத்த வேண்டிவரும். அதைவிட முக்கியமானது, எந்தக் கடிதம் எங்கே ஒதுக்கப்படுகிறது என்பது அமைத்தவருக்குத்தான் நினைவிருக்கும். கண்ணால் பார்ப்பவர் இடப்பக்கப் பட்டியலில் தடித்த எழுத்தில் தெரியும் எண்ணைப் பார்த்து, ஒதுங்கிய கடிதம் இருப்பதைத் தற்செயலாகவாவது தெரிந்துகொள்வார். பார்வையில்லாத நாம் அந்த இடத்துக்குப் போய்க் கேட்டால் ஒழிய, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே மாமா, முடியும், நீங்களே செய்யுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன்.

மாமா: சொல் அம்மா, எங்கே தொடங்க வேண்டும்?

அக்கா: எதைத் தள்ளிவிடலாம் என்று தொடங்காதீர்கள் மாமா, எதை முதலில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் ஒரு வடிகட்டி என்று எழுதிக்கொண்டே போகிறார்கள், அந்த வேலைக்கு முடிவே இல்லை. உங்களுக்கு இப்போதைக்கு இரண்டே போதும்: மருத்துவமனைக் கடிதங்கள் தனித்துத் தெரிய ஒன்று, ஓய்வுபெற்றோர் குழுவின் கடிதங்கள் இன்பாக்ஸுக்கு வராமல் வேறிடத்தில் காத்திருக்க இன்னொன்று. இரண்டாவதிலேயே உங்கள் காலை நேரம் பாதி மீண்டுவிடும்.

மாமா: கைப்பேசியிலேயே செய்துவிடலாமா? அதில் திரையைப் படிக்கும் டாக்பேக் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அக்கா: ஜிமெயிலின் கைப்பேசிச் செயலியில் வடிகட்டியை உருவாக்கும் வசதி இல்லை, கணினியின் உலாவியில்தான் செய்ய வேண்டும். ஆனால் அங்கே ஒருமுறை செய்துவிட்டால், கடிதம் உங்களிடம் வருவதற்கு முன்பே சர்வரில் பிரிக்கப்பட்டுவிடுவதால், கைப்பேசியிலும் அதன் பலன் தெரியும்.

மாமா: கணினியில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆங்கில இ (E) எழுத்தை அழுத்தினால் சில நேரம் எழுதும் கட்டத்துக்குப் போகிறது, சில நேரம் கடிதம் ஆர்க்கைவ் ஆகிவிட்டது என்று கேட்கிறது. ஏன் இப்படி?

அக்கா: மிகவும் அவசியமான கேள்வி மாமா; இது தெளிந்துவிட்டால் மற்றவை எளிது. என்விடிஏ இரண்டு நிலைகளில் இயங்குகிறது. உலாவும் நிலையில், நீங்கள் அழுத்தும் எழுத்தை என்விடிஏ தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: எச் என்றால் அடுத்த தலைப்பு, பி (B) என்றால் அடுத்த பொத்தான், எக்ஸ் என்றால் அடுத்த தேர்வுப்பெட்டி, இ என்றால் அடுத்த எழுதும் கட்டம். குவிய நிலையில் அந்த எழுத்து நேரே ஜிமெயிலிடம் போய்விடும். ஜிமெயிலின் விசைப்பலகைக் குறுக்குவழிகளை நீங்கள் அமைப்புகளில் இயக்கி வைத்திருந்தால், அங்கே இ என்பதற்குப் பொருள் ஆர்க்கைவ், அதாவது கடிதத்தை இன்பாக்ஸிலிருந்து எடுத்து ஒதுக்கிவைப்பது. இன்சர்ட் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் நிலை மாறும், மாறும்போது ஒலியும் வேறுபடும். வடிகட்டி அமைக்கும் வேலைக்கு ஜிமெயிலின் குறுக்குவழிகள் தேவையே இல்லை; இரண்டும் பழகும்வரை அவற்றை நிறுத்தி வைத்துவிடுங்கள். ஆர்க்கைவ் ஆன கடிதங்கள் அழிந்துவிடவில்லை, ஆல் மெயில் என்ற பகுதியில் இருக்கின்றன.

அத்தை: அப்பாடா. அவர் அந்தக் கடிதங்கள் போயேவிட்டன என்று வருந்திக்கொண்டிருந்தார்.

அக்கா: இனி முதல் வடிகட்டி. வடிகட்டி என்பது சேமித்து வைக்கப்பட்ட தேடல்தான்; அதனால் முதலில் தேடுங்கள், முடிவைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள், பிறகு வடிகட்டியாக மாற்றுங்கள். தேடல் கட்டத்தில் ஃப்ரம் (from) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டியே மருத்துவமனையின் முகவரியை எழுதி என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலைக் கீழ்நோக்கி நகர்ந்து கேளுங்கள். மருத்துவமனையின் கடிதங்கள் மட்டுமே வருகின்றனவா, அவர்களின் பழைய கடிதம் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கண்ணால் பார்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்த்தாலும் தப்பித்துக்கொள்வார்கள். நமக்கு இது தவிர்க்கக் கூடாத படி.

மாமா: முக்காற்புள்ளி வைத்தேனா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வரியைப் படிக்கச் சொன்னால் என்விடிஏ அதைச் சொல்வதில்லை.

அக்கா: நிறுத்தக்குறிகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்கு அதில் அளவுகள் உள்ளன. இன்சர்ட் விசையோடு பி (P) விசையை அழுத்த அழுத்த, ஒன்றும் வேண்டாம், சில, பெரும்பாலானவை, அனைத்தும் என்று மாறி வரும். இந்த வேலை முடியும்வரை அனைத்தும் என்பதில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது இடவல அம்பு விசைகளால் ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். அப்போது எந்த அளவில் இருந்தாலும் குறியின் பெயரைச் சொல்லும். முகவரியை இப்படி எழுத்தெழுத்தாகக் கேட்பதில் இன்னொரு நன்மை உண்டு: ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வங்கிபோலவும் மருத்துவமனைபோலவும் நடிக்கும் போலி முகவரிகள், சேர்த்துப் படிக்கும்போது அசல்போலவே ஒலித்தாலும், பிரித்துக் கேட்கும்போது பிடிபட்டுவிடும்.

தம்பி: அக்கா, முகவரியை எழுதுவதற்குப் பதிலாக மருத்துவமனையின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டால் எளிதாக இருக்காதா?

அக்கா: கூடாது. அனுப்புபவரின் பெயராக யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நாம் இந்த வடிகட்டியில் ஸ்பாமுக்கு அனுப்பாதே என்றும் சொல்லப்போகிறோம். பெயரை மட்டும் நம்பினால், அதே பெயரில் வரும் மோசடிக் கடிதத்துக்கும் நாமே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். முழு முகவரி, அல்லது அட் குறிக்குப் பின்னால் வரும் முழுப் பகுதி, இதில் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும்.

மாமா: தேடிவிட்டேன், மருத்துவமனைக் கடிதங்கள் மட்டும்தான் வருகின்றன. அடுத்து?

அக்கா: மீண்டும் தேடல் கட்டத்துக்குப் போய், டேப் விசையால் நகர்ந்தால் அட்வான்ஸ்டு சர்ச் ஆப்ஷன்ஸ் என்ற பொத்தான் வரும். என்டர் அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். நீங்கள் தேடிய முகவரி அதில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஃப்ரம், டு, சப்ஜெக்ட், ஹேஸ் தி வேர்ட்ஸ் என்று கட்டங்களைக் கடந்து டேப் அழுத்திக்கொண்டே போனால் கிரியேட் ஃபில்டர் பொத்தான் கேட்கும். அதில் என்டர் அழுத்தினால் தேர்வுப்பெட்டிகள் வரும். அவசரப்படாமல் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் முழுதாகக் கேட்டு, ஸ்டார் இட், நெவர் சென்ட் இட் டு ஸ்பாம் ஆகிய இரண்டை மட்டும் ஸ்பேஸ் விசையால் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததும் செக்டு என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் இன்சர்ட் விசையோடு டேப் அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடத்தின் நிலையை மறுபடி சொல்லும்.

அத்தை: எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. இப்படியெல்லாம் பிரித்து வைத்து, வங்கியிலிருந்து வரும் முக்கியமான கடிதம் எங்காவது மறைந்துவிட்டால் என்ன செய்வது? போன முறை ஒரு கட்டண நினைவூட்டல் இப்படித்தான் தெரியாமலே போனது.

அக்கா: நியாயமான அச்சம் அத்தை. மூன்று பெட்டிகளிடம் கவனமாக இருந்தால் போதும். டிலீட் இட் என்பதை மாமா தொடவே வேண்டாம். குப்பைக்குப் போனது 30 நாளில் நிரந்தரமாக நீங்கிவிடும். மார்க் ஆஸ் ரெட் என்பதையும் தவிர்த்துவிடலாம், ஏனென்றால் படிக்காதது என்ற அடையாளம் போய்விட்டால் ஒதுங்கிய கடிதத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நமக்கிருக்கும் நல்ல வழி அடைபட்டுவிடும். ஸ்கிப் தி இன்பாக்ஸ் என்பதைக் குழுக் கடிதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கி, மருத்துவமனை, ஓடிபி வரும் இடங்கள் ஆகியவற்றின் கடிதங்கள் எப்போதும் இன்பாக்ஸிலேயே இருக்கட்டும். ஓடிபி வேறிடத்துக்குப் போய்விட்டால், அதைத் தேடி எடுப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும்.

மாமா: குழுவில் ஒவ்வொரு கடிதமும் ஒவ்வோர் உறுப்பினரின் முகவரியிலிருந்து வருகிறதே, எத்தனை முகவரிகளை எழுதுவது?

அக்கா: ஒன்றைக்கூட எழுத வேண்டாம். குழுக்களிலிருந்து வரும் கடிதங்களின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில், அது எந்தக் குழுவுக்கு உரியது என்ற அடையாளம் பொதுவாக இருக்கும். 2001ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 2919 என்ற ஆவணம் அதற்கு ஒரு முறையை வகுத்தது. யார் எழுதினாலும் அந்த அடையாளம் மாறாது. குழுக் கடிதம் ஒன்றைத் திறந்து, மோர் பட்டியலில் ஃபில்டர் மெசேஜஸ் லைக் என்று தொடங்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால், ஜிமெயிலே அந்த அடையாளத்தைப் படிவத்தில் நிரப்பித் தரும். அதற்கு முன்பாக அமைப்புகளில் ஓய்வுபெற்றோர் என்று ஒரு லேபிளை, அதாவது கடிதங்களைத் தொகுத்துவைக்கும் பெயரை, உருவாக்கி வைத்துவிடுங்கள். படிவத்தின் நடுவில் புதிய லேபிள் உருவாக்கப் போனால் ஒரு பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி திறந்து, எங்கே நிற்கிறோம் என்பதே பிடிபடாமல் போகலாம். முன்பே இருந்தால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும்.

தம்பி: நான் கணினியில் நிறுவும் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டில் வடிகட்டி வைத்திருக்கிறேன், அது இதைவிட எளிதாக இருக்கிறதே?

அக்கா: திரைவாசிப்பானுக்கும் அது எளிதுதான், அங்கே வருவது சாதாரண உரையாடல் பெட்டி, டேப் விசையால் ஒழுங்காக நகரலாம். ஆனால் அந்த வடிகட்டி தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். மாமா காலையில் எழுந்ததும் கைப்பேசியில்தான் கேட்கிறார். கணினி அணைந்திருந்தால் எதுவும் பிரிந்திருக்காது. அவுட்லுக்கில் இன்னொரு வேறுபாடு உண்டு: விதிகள் மேலிருந்து கீழாக வரிசைப்படி இயங்கும், ஒரு விதி பொருந்தியதும் மற்றவற்றை நிறுத்தச் சொல்லலாம். ஜிமெயிலில் அந்த வரிசை இல்லை, ஒரு கடிதத்துக்குப் பொருந்துகிற வடிகட்டிகள் எல்லாம் இயங்கும். தனிப்பட்ட முறையில் எனக்கு மிகவும் பிடித்தது சீவ் மொழி. சில மின்னஞ்சல் சேவைகளில் விதிகளை அதில் வெறும் எழுத்தாகவே எழுதிவிடலாம். படிவமும் பெட்டியும் இல்லாமல் வரி வரியாகக் கேட்டுத் திருத்த முடிவதால், பார்வையற்றவருக்கு அதைவிட வசதியான வழி இல்லை என்றே நினைக்கிறேன். ஜிமெயிலில் அது கிடையாது.

மாமா: இரண்டாவதையும் முடித்துவிட்டேன். ஸ்கிப் தி இன்பாக்ஸ், அப்ளை தி லேபிள் இரண்டும் செக்டு என்று கேட்டது. கடைசியில் பழைய கடிதங்களுக்கும் சேர்த்துச் செய்யவா என்பதுபோல ஒரு பெட்டி வந்தது, அதையும் தேர்ந்தெடுத்தேன். இப்போது இன்பாக்ஸில் குழுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனையின் பரிசோதனை அறிவிப்பு இரண்டாவதாகவே கேட்டது.

அத்தை: நானும் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். அவர் என்னை ஒரு பொத்தானைக்கூடத் தேடச் சொல்லவில்லை.

தம்பி: மிகவும் மகிழ்ச்சி மாமா. நானும் என் பட்டியலை ஒருமுறை சரிபார்க்கப் போகிறேன்.

மாமா: குழுக் கடிதங்களைப் படிக்க விரும்பும்போது அங்கே எப்படிப் போவது? இடப்பக்கப் பட்டியல் முழுவதையும் கேட்க வேண்டுமா?

அக்கா: வேண்டாம். தேடல் கட்டத்தில் லேபிள் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, லேபிளின் பெயரை எழுதினால் நேராக அங்கே போய்விடலாம். ஒவ்வொரு லேபிளுக்கும் தனி இணைய முகவரி இருப்பதால், அந்தப் பக்கத்தில் நின்று கன்ட்ரோல் விசையோடு டி (D) விசையை அழுத்தி உலாவியில் புத்தகக்குறியாகவும் சேமித்துக்கொள்ளலாம். அடுத்த சில நாட்களுக்கு அங்கே தினமும் போய்த் தலைப்புகளை மட்டும் கேளுங்கள். குழுவுக்குச் சம்பந்தமில்லாத கடிதம் ஏதாவது தென்பட்டால், அதன் அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகக் கேட்டு எனக்கு அனுப்புங்கள், தேடலில் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்போம்.

மாமா: சரி அம்மா. நாளை காலை கேட்டுவிட்டு எழுதுகிறேன். செய்திமடல்களுக்கான மூன்றாவது வடிகட்டியை அதற்குப் பிறகு நானே தேடிப் பார்த்து அமைக்கிறேன்.