டீரெகுலேஷனுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருச்சி ஆசிரியை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் ஆண்டுப் பொருளியல் மாணவர்களுக்காக ஒரு பாடத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 2000–01 கலிஃபோர்னியா மின்நெருக்கடிதான் பாடம். 1996-இல் அந்த மாநிலம் மின்துறையை டீரெகுலேட் செய்தது, அதாவது அரசின் கட்டுப்பாடுகளை விலக்கியது, என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

ரெகுலேஷன் என்றால் ஒழுங்குமுறை. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று பெயர்ப்பலகையே இருக்கிறது. சரி என்று கரும்பலகையில் ‘ஒழுங்குமுறை நீக்கம்’ என்று எழுதினேன். முன்வரிசைப் பையன் கேட்டான்: “மேடம், ஒழுங்கை எதுக்கு நீக்கினாங்க?” பாடம் தொடங்குமுன்பே சொல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேறு சொல் கொடுங்கள்.

கோவைப் பொறியாளர் எழுதியது:

கட்டுப்பாடு நீக்கம் போதும், அம்மா. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் ‘விலைக் கட்டுப்பாடு நீக்கம்’ என்றுதானே படித்தோம்? ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் புரிந்தது. புரிகிற சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

மதுரைப் புலவர் எழுதியது:

‘தளைநீக்கம்’ என்பதே என் பரிந்துரை. மூன்றே அசையில் நாவில் நிற்கும், பெயரடையாகவும் வளையும்: தளைநீங்கிய சந்தை, தளைநீக்கச் சட்டம்.

ஒழுங்கு என்ற சொல்லையும் அந்தப் பையனுக்கு விளக்குங்கள். வேர் ஒழுகு. நீர் ஒழுகுவது, நெறிப்படி ஒழுகுவது எல்லாம் அதிலிருந்து வந்தவை. சங்கப் பாட்டில் உமணர் ஒழுகை வருகிறதே, அது உப்பு வணிகரின் வண்டி வரிசை. ஒன்றன்பின் ஒன்றாக மேட்டு நிலம் ஏறிப் போகும் அந்த வரிசையை எந்த அரசனும் நிறுத்திவைக்கவில்லை. வாணிகம் தானே அமைத்துக்கொண்டது. ஆகவே ஒழுங்கு என்றால் அரசாணை என்று நாம் கொண்டதே பிற்காலத் திரிபு. ரெகுலேஷனுக்கு அதை வைத்ததில்தான் தொடக்கப் பிழை.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, உப்பு வண்டியை மிகவும் ரசித்தேன். ஆனால் ஆணையத்தின் பெயரை நாம் மாற்ற முடியாதே. தளை என்றால் கால்விலங்கு. விலங்கை நீக்குவது நல்லதுதான் என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். ஒழுங்குமுறை நீக்கம் ஒரு பக்கம் சாய்ந்தால் இது மறுபக்கம் சாய்கிறது. யாப்பிலும் பாருங்கள்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று சீரோடு சீரைப் பிணைக்கும் தளைதானே வெண்பாவைப் பிடித்து நிறுத்துகிறது? தளையை நீக்கினால் மிஞ்சுவது உரைநடை. விலங்கும் தளை, பிணைப்பும் தளை என்றால் பாடநூலில் எப்படி வைப்பது?

கோவைப் பொறியாளர் எழுதியது:

மின்துறையில் முப்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் எதுவும் முழுதாக நீக்கப்படவில்லை. என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன்.

1998-இல் திறந்த சந்தையில் மொத்த விற்பனை விலையைக் கட்டுப்பாடின்றி விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் சில்லறை விலையை உறையவைத்தார்கள். விநியோக நிறுவனங்கள் தங்கள் அனல் நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு, அன்றாடச் சந்தையில் வாங்கவேண்டியிருந்தது. 2000 கோடையில் மொத்த விலை எகிறியது. வாங்கும் விலை கூடியும் விற்கும் விலை அசையவில்லை. சான் டியேகோவில் மட்டும் உறைவு முன்பே முடிந்திருந்ததால் வீட்டுப் பில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2001 ஜனவரியில் சுழற்சி மின்வெட்டு, ஏப்ரலில் பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் என்ற விநியோக நிறுவனம் திவால்.

இதில் சந்தையில் தந்திரம் செய்து லாபம் பார்த்த அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான், நம் மகாராஷ்டிரத்துத் தாபோலில் அரசு உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு மின்னிலையம் கட்டியது. அங்கே சுதந்திரச் சந்தை, இங்கே அரசுப் பொறுப்பு, நிறுவனம் ஒன்றே. எந்தக் கட்டை அவிழ்த்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதுதான் பாடமே. அதைக் காட்டாத சொல் எனக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

அப்படியென்றால் ‘தளர்வு’. 2020-இல் தளர்வுகளுடன் ஊரடங்கு என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. கொஞ்சம் தளர்வு, கூடத் தளர்வு என்று அளவும் சொல்லலாம். எங்கள் பக்கம் எரிபொருளுக்கு விலைச்சூத்திரம் வந்தபோது கட்டுப்பாடு போனதா இருக்கிறதா என்று சொல்லவே ஒரு சொல் கிடைக்கவில்லை.

மதுரைப் புலவர் எழுதியது:

தளர்வு தன்வினை. கிழவர் தளர்கிறார், கொடி தளர்கிறது. இங்கே சட்டமன்றம் கூடி, வாக்களித்து, கையெழுத்திட்டுச் செய்த காரியம் அது. செய்தவனை மறைக்கும் சொல்லை மாணவருக்குக் கொடுக்கலாமா? வேண்டுமானால் தளர்த்தல் என்று பிறவினையாக வையுங்கள். இருந்தாலும் தளைநீக்கத்தை நான் விடவில்லை. தளைத்தளர்த்தல் என்றாவது ஆக்கலாம்.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தளைத்தளர்த்தல் வாயில் நுழையாது, ஐயா. ‘கட்டுப்பாட்டுத் தளர்த்தல்’ என்பதற்கு என் வாக்கு. முழுதாக விட்ட இடத்தில் மட்டும் நீக்கம் என்று எழுதலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

எனக்கும் சரி. தளர்வு என்றே எழுதியிருந்தால் வகுப்பில் இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

திருச்சி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு போகிறது. முதல் வரியை இப்படி மாற்றிவிட்டேன்: “1996-இல் கலிஃபோர்னியா சட்டமியற்றி மின்துறையில் கட்டுப்பாட்டுத் தளர்த்தலைத் தொடங்கியது, மொத்த விற்பனை விலையை விடுவித்து, சில்லறை விலையை உறையவைத்தது.” ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு வரியே நீண்டுவிட்டது. பையனுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

பாடத்தின் கடைசிப் பத்தியில் தளர்த்தியதை மறுபடி இறுக்கினார்கள் என்று வருகிறது. அதற்கு ‘மீள்கட்டுப்பாடு’ என்று போட்டிருக்கிறேன்.

மதுரைப் புலவர் எழுதியது:

மீள்கட்டுப்பாடு என்றால் மீள்வதற்குக் கட்டுப்பாடு என்றும் பொருள்படும், அம்மா. அச்சுக்குப் போகுமுன் ஒரு நாள் தாருங்கள்.