கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வெள்ளை ஈக்காக மிளகாய்ச் செடிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கலக்காமல் தெளித்துவிட, எண்ணெய் திரண்டு விழுந்த இலையெல்லாம் கருகிப்போச்சு. லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி எண்ணெய், 5 கிராம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஆளில்லை. அந்த ஆளாக நான் இருக்க ஆசைப்படுகிறேன், சம்பளம் வேண்டாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 1970களிலேயே இப்படித் தன்னார்வலர்களைப் பழக்கியிருக்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துதான் தடுமாறும். பட்டாம்பி வேளாண் அறிவியல் நிலையமா, கோவை வேளாண் பல்கலைக்கழகமா, எங்கே சேரலாம்? கேரள முகவரி இருந்தால் கோவையில் எடுப்பார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் தமிழில் கையேடு இருந்தால் அதையும் அனுப்புங்கள்.