வைரவருக்கு உயிர்ப்புள்ளி போட்டதால் வந்த வினை

கொக்குவில்_பெடியன்:

வணக்கம். 2022இல் கறண்ட் வெட்டு நடந்த மாதங்களில் பொழுது போகாமல், சித்தப்பாவின் பிள்ளைகள் மூன்று பேரையும் இருத்தி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்கினேன்: ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி முடிவு பார்க்கும் ஆட்டம். கறண்ட் வந்த பிறகும் விடவில்லை. ஞாயிறு பின்னேரம் என்றால் எங்கள் வீட்டு விறாந்தைதான் களம்.

டிராகனும் பனிமலையும் அலுத்துவிட்டன. பனியை வர்ணிக்க நான் பனியைக் கண்டதே இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தையே வைத்து ஒரு கதை எழுதினேன். ஆண்டு 1658. கோட்டைக்குள் பறங்கிகள் (போர்த்துக்கீசர்), சுற்றிவர ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஆட்கள். பெரியவன் வன்னியிலிருந்து யானை கொண்டுவந்த பாகன். நடுவிலான் சாயவேர் கிண்டுகிறவன். சின்னவளின் பாத்திரம் கோட்டையில் கணக்கெழுதும் ஒருவர். வெளியில் தோன் பிலிப்பு, வீட்டுக்குள் கந்தன். அந்த இரட்டைப் பெயர் அவளாகவே யோசித்தது.

வில்லங்கம் போன ஞாயிறு வந்தது. இரவு, புளியமரம், அடியில் ஒரு வைரவர் சூலம். ஆட்டத்தில் எதிராளி எவ்வளவு அடி தாங்குவார் என்பதை உயிர்ப்புள்ளி என்ற எண் சொல்லும். பெரியவன் கேட்டான், "வைரவருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?" நான் யோசிக்காமல் "நாற்பத்தைந்து" என்றேன். அடுப்படியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுகிற சத்தம் நின்றது.

"எங்கட வளவு வைரவரையோ அடிக்கப் போறியள்?"

சாப்பாட்டுக்கு முதல் நாலு பேரும் வேம்படிச் சூலத்துக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தோம். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான், பொய் சொல்லக்கூடாது.

இப்போது கேள்வி. கொள்ளிவாய்ப்பேயை அடிக்கலாம், மோகினியைத் துரத்தலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்றும் பொங்கல் வைக்கும் தெய்வங்களை எப்படி மேசைக்குக் கொண்டுவருவது? வைரவர், அண்ணமார், நாச்சிமார் எல்லோரையும் எடுத்துவிட்டால் கதையில் யாழ்ப்பாணமே மிஞ்சாது போலிருக்கிறது.

சுண்டுக்குளி_அக்கா:

தம்பி, அம்மா கோபித்தது சரி. ஆனால் தெய்வத்தை எடுக்க வேண்டாம், உயிர்ப்புள்ளியை எடுங்கள்.

எங்கள் ஊரில் தெய்வத்தோடு யார் சண்டை பிடித்தார்கள்? நேர்த்திதான் வைப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் பொங்கல், வழக்கு வென்றால் வடைமாலை. அதையே விதியாக்குங்கள். பகடை தவறிப் போன இடத்தில் ஆட்டக்காரர் ஒரு நேர்த்தி வைத்தால் மறுபடி உருட்டலாம். நேர்த்தியைப் பாத்திரத் தாளில் எழுத வேண்டும். மூன்று சேர்ந்தும் தீர்க்கவில்லையென்றால் தெய்வம் தேடி வரும். அடிக்க வராது. கடனைக் கேட்க வரும். அதுதான் எனக்கு அதிகம் பயம்.

கடன் தீர்ப்பதும் அந்தக் காலத்தில் லேசில்லை. பறங்கி ஆட்சியில் விரதம் இருந்தவர்கள் சாப்பிட்ட வாழையிலையைச் சுருட்டிக் கூரை இறப்பில் செருகி ஒளித்தார்கள் என்று என் அம்மம்மா சொல்லுவா. எனவே ஒவ்வொரு பொங்கலும் ஒரு களவு வேலை. புகை தெரியக்கூடாது, சங்கு ஊதக்கூடாது, மிச்ச இலை எங்கே போகிறது? ஒரு முழுப் பின்னேரத்துக்கு அது காணும்.

முனியை மட்டும் பேய்ப் பட்டியலில் போடும் முன் யோசியுங்கள். ஒரு ஊரில் புளியமரத்துப் பேய், அடுத்த ஊரில் முனியப்பர். கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளியில் முனியப்பர் கோயிலே இருக்கிறது.

பழைய_கடுதாசி:

அக்கா சொன்னது அருமை. நான் வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் நச்சரிக்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் ஐந்து மூலைக் கோட்டையை வரைந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அது 1658இல் இல்லை. பறங்கிகளின் கோட்டை நாற்கோணம். அதைப் பிடித்த ஒல்லாந்தர்தான் பிறகு ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1706ஐச் சேர்ந்தது. அதேபோல் உங்கள் ஆட்கள் ஒளிந்துகொள்ள நல்லூர்க் கோயிலுக்கு ஓடினால் அங்கே கோயில் இராது. பறங்கித் தளபதி பிலிப் டி ஒலிவேரா 1621இல் இடித்துவிட்டார். இன்றைய கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆட்டத்தில் யாராவது தேத்தண்ணி குடித்தால் அதையும் வெட்டுங்கள்.

முற்றுகை மார்ச்சில் தொடங்கி ஜூனில் முடிந்தது. எங்கள் நாட்டில் அந்த மாதங்கள் என்றால் வெயில், வற்றும் கிணறு. அதே 1658இல் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை குடிதண்ணீர் இல்லாமல்தான் ஒல்லாந்தரிடம் விழுந்தது. ஆகவே உங்கள் கதையில் பொன்னை விடத் தண்ணீருக்கு விலை வையுங்கள். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. ஆழமாக வாளி விடுகிறவன் ஏமாறுவான்.

இன்னொன்று. பாத்திர வகுப்புகளைச் சாதியாகப் பிரிக்கும் யோசனை வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். இந்தச் சாதிக்குப் பலம் கூட, அந்தச் சாதிக்குப் புத்தி கூட என்று எண் போட்டால் பறங்கியும் ஒல்லாந்தரும் செய்ததையே நாமும் செய்கிறோம். அதற்காக மறைக்கவும் வேண்டாம். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. சாதி ஆளின் திறமையில் இராமல் ஊரின் கட்டுப்பாடாக இருக்கட்டும்: யார் எந்தப் படலையால் உள்ளே போகலாம், யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம். தோன் பிலிப்பு தடுக்கப்படாத படலையில் சாயவேர்க்காரன் தடுக்கப்படுவான். அப்போது மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பேயை விடப் பயமான ஒன்று வேண்டுமென்றால் தோம்பு. காணியும் ஆளும் வரியும் எழுதப்பட்ட ஏடு. சின்னவள் கணக்கெழுதுகிறவள்தானே? ஒரு பெயரை அழிக்க அவளிடம் யாராவது வரட்டும்.

நெல்லியடி_சோகி:

இருபது முகப் பகடை கிடைக்காத காலத்தில் நாங்கள் ஆறு சோகி (சோழி) குலுக்கி விளையாடினோம். வாய் மேலே விழுந்ததை எண்ண வேண்டும். பகடையில் 1 விழுவதும் 20 விழுவதும் ஒரே மாதிரி, நூற்றுக்கு ஐந்து. சோகியில் அப்படியில்லை. 64 விதமாக விழலாம், அதில் மூன்று வாய் வருவது 20 விதம், ஆறும் வாயாக வருவது ஒரே ஒரு விதம். சாதாரண ஆள் சாதாரணமாகவே இருப்பான், அற்புதம் அருமையாக நடக்கும். இந்தக் கதைக்கு அதுதான் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: இது இரண்டு பக்கமும் சமமாக விழும் சோகிக்கான கணக்கு. எங்கள் வீட்டில் இருந்ததில் ஒன்று எப்போதும் குப்புறத்தான் விழும். அதை மச்சான்தான் கொண்டுவருவான்.

கொக்குவில்_பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து மூலைக் கோட்டைதான் வரைந்திருந்தேன். கிழித்துவிட்டேன். தேத்தண்ணியும் குடித்திருந்தார்கள், இரண்டு தரம்.

நேற்று நேர்த்தி விதியோடு விளையாடினோம். சோகி அம்மாவின் பெட்டிக்குள் இருந்து வந்தது. பண்ணைக் கரையில் தோணி கவிழப் போன நேரம் பாகன் வைரவருக்கு வடைமாலை நேர்ந்தான். மறுபடி குலுக்கியதில் ஐந்து வாய், தப்பிவிட்டான். கடனைத் தாளில் எழுதும்போது "வடைமாலைக்கு எத்தனை வடை?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, பதினொன்று என்று ஒரு மதிப்பில் சொன்னேன்.

"பதினொண்டு காணாது," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இருபத்தொண்டு எழுது. அதோட உழுந்துக்கும் எங்கையாவது வழி பாக்கச் சொல்லு, முற்றுகைக்குள்ள ஆர் உழுந்து விக்கிறது?"

அடுத்த ஞாயிறு அதுதான் கதை.