தவறுக்குத் துணைபோக மறுத்தவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? – அனுபவப் பகிர்வு

ஈரோட்டு பிளம்பர்

கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க அச்சில் வார்க்கிற கட்டிதான் கியூப். அதில் நடக்கும் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். தூணுக்குள் போவது ஒரு கலவை. சோதனைக்கூடத்துக்குப் போகிற கியூபுக்காக மூலையில் தகரத்தின் மேல் கலப்பது வேறொரு கலவை, சிமெண்ட் தாராளமாக, தண்ணீர் அளவாக. 28 நாள் கழித்து எந்திரத்தில் வைத்து நசுக்கினால், எம்20 ரக கான்கிரீட்டுக்குக் கேட்கிற, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனைத் தாண்டி 30 காட்டும். எல்லோருக்கும் நிம்மதி.

குழாய் வேலைக்காக ஓர் அடுக்குமாடி சைட்டில் இருந்தேன். அங்கே டிப்ளமோ முடித்துவிட்டு வந்த பையன் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அச்சில் நிரப்பிய கலவையை மட்டம் தட்டியதும் அதன் மேல் தேதி, கிரேடு, எந்தத் தூண் என்று எழுதி வைப்பது அவன் வேலை. மேஸ்திரி "சி-4 தூண் என்று எழுது" என்றார். பையன் ஆணியை எடுத்துக் குனிந்து, ஈரக் கலவையில் நிதானமாகக் கீறினான்: "தூணில் போட்டது அல்ல." மூன்று கியூபிலும். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

மேஸ்திரி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பையன் சிரிக்காததைப் பார்த்ததும் கரண்டியால் தேய்த்து அழித்தார். பையன் மறுபடியும் கீறினான். இன்ஜினியர் வந்து சத்தம் போட்டார். "நான் எழுதினால் இதைத்தான் எழுதுவேன் சார். வேறு எழுத வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றான். இன்ஜினியரே எழுதினார். வாரக் கடைசியில் பையனை வேறு சைட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். அவன் மறுத்ததால் அந்தத் தூணுக்கு ஒரு சட்டி சிமெண்ட்கூடக் கூடுதலாகப் போகவில்லை. பிறகு எதற்காக மறுத்தான்? இப்படி யாரையாவது பார்த்தவர்கள் எழுதுங்கள்.

தேர்தல் பணி ஆசிரியை

எந்தத் தேர்தல், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நான் முதல்நிலை அலுவலர், பட்டியலில் பெயர் பார்ப்பவள். தலைமை அலுவலராக வந்தவர் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. முந்தைய இரவு, நாங்கள் கொசுவை விரட்டிக்கொண்டு படுத்திருக்க, அவர் படிவங்களைத் தரையில் பரப்பி வைத்து எதையோ படித்துக்கொண்டே இருந்தார்.

விடிகாலையில் மாதிரி வாக்குப்பதிவு. 50 வாக்கு போட்டுக் காட்டி, அழித்து, முத்திரை வைத்ததும், முகவர்கள் டீ குடிக்கக் கலைவதற்குள் ஒன்று சொன்னார்: "கண் தெரியாதவருக்குத் துணையாக வருகிறவர், இன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் துணையாக வரலாம். 49என் விதி. அப்புறம் என்னிடம் வருத்தப்படக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்திருந்தது. காலையில் ஒரு பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துவந்து தானே பொத்தானை அழுத்திய அதே மனிதர், இப்போது ஒரு பெரியவரோடு வந்தார். ஊரில் அவர் சொன்னால் நடக்கும். "இவருக்கும் பார்வை இல்லை, நான் போட்டுவிடுகிறேன்" என்றார். நான் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை, அவர் குரல் அப்படி.

அம்மையார் அவரைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்தார். "ஐயா, அந்தச் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன?"

"இரண்டு இருபது" என்றார் பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. வந்தவர் மேசையில் அடித்தார். "எல்லாக் கட்சி ஏஜெண்டும் சரி என்கிறார்கள். உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" உண்மைதான், எந்த முகவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குள் ஏற்பாடு இருந்தது, உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று. அம்மையார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அவர்கள் சரி என்றால் போதும் என்று விதியில் இல்லை. எனக்குத் திருப்தியாக வேண்டும் என்றுதான் இருக்கிறது. எனக்குத் திருப்தி இல்லை."

குரல் நடுங்கவில்லை. ஆனால் அவர் கையில் இருந்த படிவம் நடுங்கிச் சலசலத்தது எனக்குக் கேட்டது. பெரியவர் தனியாக மறைப்புக்குள் போனார், பீப் சத்தம் வந்தது, வெளியே வந்தார். அந்த மனிதர் மாலை ஆறு மணி வரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரவு இயந்திரங்களோடு கிளம்பும்போது, பஸ்ஸில் தன் பக்கத்து ஜன்னலோரம் காவலரை உட்காரச் சொன்னார் அம்மையார்.

பிளம்பர் ஐயா, பையன் மறுத்ததால் எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். எங்கள் சாவடியில் மாறியது. ஒரு வாக்கு. ஒன்றே ஒன்று.

கொங்குநாட்டு மருமகன்

டீச்சர், உங்கள் அம்மையாரிடம் வந்தவர் அந்நியர். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர் கேட்டால்?

என் மனைவியின் மாமா மகன் ஸ்கேன் மருத்துவர். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் அத்தை ஆரம்பித்தார். மருமகளுக்கு ஐந்தாம் மாதம், இவரிடம்தான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். "நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டாம் சாமி. சட்டம் அது இதென்று பயப்படுவாய். இலையில் லட்டு இருக்கிறது, மிக்சர் இருக்கிறது. ஒன்றைத் தொட்டுக் காட்டு, போதும்." மூத்தது இரண்டும் பெண். எதற்குக் கேட்கிறார் என்று அந்த வரிசைக்கே தெரியும்.

அவர் இரண்டையும் பார்த்தார். "முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, இருதயம் நன்றாக இருக்கிறது. அதை ஒருவரும் கேட்கவில்லையே அத்தை" என்றார். ரசம்கூட வரவில்லை, இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வளைகாப்புக்கு அவருக்குப் பத்திரிகை போகவில்லை. பெயர் வைப்புக்கும் இல்லை. மூன்றாவதும் பெண்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் இன்றைக்கும் பேசுவது: "ஜெயிலுக்குப் பயந்து சொல்லாமல் போனான், பெரிய அரிச்சந்திரன்." கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டப்படி முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பது சரிதான். ஆனால் லட்டைத் தொட்டதற்கு எந்தப் போலீஸ் சாட்சி பிடிக்கும்?

வால்வு ஃபேக்டரி

பிளம்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேறொருவர் கையெழுத்து போட்டுவிடுவார் என்றால் நாம் மறுத்து என்ன பயன்?

எங்கள் தொழிற்சாலையில் ஓர் ஆய்வாளர். கசியும் வால்வில் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். ஷிஃப்ட் மாறியதும் சீட்டைக் கிழித்துவிட்டு, அடுத்தவரிடம் பச்சை வாங்கி அனுப்பிவிடுவார்கள். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் மறுபடி ஒட்டுவார், தன் சட்டைப்பை நோட்டில் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வார். எல்லோரும் கேலி செய்தோம். ஒரு நாள் வாடிக்கையாளரிடமிருந்து பெரிய புகார் வந்து, பழியைக் கடைநிலைப் பையன்கள் மேல் போடப் பார்த்தார்கள். இவர் அந்த நோட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. அதற்கு அப்புறம் அந்த அறையில் யாரும் பேசவில்லை.

அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சரின் கதையும் இதுதான். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மூட்டைச் சரியாக அடைக்காது, 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று, ஓடத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மோர்டன் தயோகோல் பொறியாளர்கள் மன்றாடினார்கள். நாசா தரப்பு அதை விரும்பவில்லை. நிறுவன மேலாளர்கள் தனியே பேசி முடிவை மாற்றினார்கள். ஏவுதளத்தில் இருந்த அவர்களுடைய மூத்த அதிகாரி ஆலன் மெக்டொனால்டு ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து மேலதிகாரி கையெழுத்து போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் ஏவிய 73-ஆவது வினாடியில் ஏழு உயிர் போயிற்று. பிளம்பர் கணக்குப்படி மெக்டொனால்டு மறுத்ததும் வீண்தான்.

ஆனால் விசாரணைக் குழுவின் மூடிய அமர்வில், முந்தைய இரவு பொறியாளர்கள் எதிர்த்த விஷயம் மழுப்பப்பட்டபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து நடந்ததைச் சொன்னவர் அவர்தான். பதவியைப் பிடுங்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தினர் தலையிட்ட பிறகு, அதே பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கிற வேலையை அவரே நடத்தினார். முதல் நாள் கையெழுத்து போட்டிருந்தால், எந்த வாயால் எழுந்து பேசியிருப்பார்?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

எல்லோரும் தனி மனிதரின் நெஞ்சுறுதியைப் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் உடன்படவில்லை.

என் கதை சிறியது. ஒரு மில்லில் சரக்கு இருப்பு எண்ணப் போனோம். உடன் வந்த இளம் உதவியாளர், மூட்டைகளைக் குத்திப் பார்க்காமல் எண்ண முடியாது என்று குத்தூசியோடு நின்றார். குத்தினார். உமி கொட்டியது. அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. மன உறுதி தசையைப் போல, பயன்படுத்தப் பயன்படுத்தக் களைக்கும் என்று உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு 1998-இல் சொன்னது. முள்ளங்கியையும் பிஸ்கட்டையும் முன்னால் வைத்து நடத்திய சோதனை. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது, அந்தக் களைப்பு ஏறக்குறைய தென்படவே இல்லை. இன்னொரு பக்கம் ஸ்டான்லி மில்கிராம். 1960-களின் தொடக்கம், யேல் பல்கலைக்கழகம். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது (அதிர்ச்சி போலி, அது அவர்களுக்குத் தெரியாது) 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து "முடியாது" என்ற சோதனையில் கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர். மனிதர்கள் அதே ரகம். பக்கத்தில் இருந்தவர்கள்தான் மாறினார்கள்.

ஆகவே பிளம்பர் ஐயா, "பையன் எதற்காக மறுத்தான்" என்று கேட்பதை விட்டுவிட்டு, அன்று நீங்கள் கையிலிருந்த குழாய்க் குறட்டைக் கீழே வைத்துவிட்டு "எனக்கும் இது சரியாகப் படவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இளைஞர்களுக்குச் சில விஷயம். கூட்டத்தின் நடுவில் மறுக்காதீர்கள், எதிராளிக்குப் பின்வாங்க இடம் இருக்காது. "நீங்கள் செய்வது தவறு" என்று ஆரம்பித்தால் பேச்சு அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் போய்விடும். "இதை எழுத்தில் தாருங்கள், உடனே செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் தருகிறவர் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார், என் அனுபவத்தில். டீச்சரின் அம்மையார் காலையிலேயே விதியைச் சொல்லி வைத்தாரே, அதுதான் அந்தக் கதையின் உயிர். கடிகாரம் எல்லாம் அப்புறம். சின்னக் கையெழுத்திலேயே நில்லுங்கள். முதல் பொய் ரசீதில் போட்டுவிட்டால், பெரியது வரும்போது அந்த ரசீதைத்தான் உங்கள் முன்னால் நீட்டுவார்கள். நகலை வீட்டில் வையுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுத்தான் பிரதமர் அலுவலகத்துக்கு முறைகேடுகளைப் பற்றி எழுதினார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெயர் சுற்றியதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. அந்தச் சாவுக்குப் பின் எழுந்த குரல்களால், தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் வந்தது, நடைமுறைப்படுத்தாமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். எனவே முதலில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள். தைரியம் என்பதில் பாதி வங்கிக் கணக்கில் இருக்கிறது.

ஈரோட்டு பிளம்பர்

ஐயா, நான் சப்-காண்டிராக்ட். என் பில் பாஸ் ஆவது அந்த இன்ஜினியர் கையில். குறட்டைக் கீழே வைப்பது எளிது, திரும்ப எடுக்க யார் விடுவார்கள்?

தேர்தல் பணி ஆசிரியை

கடிகாரம் அப்புறம் என்று சொல்லாதீர்கள் ஐயா. விதியைக் காலையில் எல்லோருக்கும் சொன்னார் சரி. மணி என்ன என்று கேட்க வேண்டும் என எந்தக் கையேட்டிலும் இல்லை.

டெல்டாக்காரன்

தணிக்கையாளர் ஐயாவின் ஆறு மாதச் செலவைப் படித்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று லஞ்சம் வாங்குவது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் நெல்லின் ஈரப்பதம் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்திரம் அப்படித்தான் காட்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், இரண்டு ஏக்கர் குத்தகை, வங்கியில் நகைக்கடன். கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். களத்தில் அவர் குவியல் தார்ப்பாய்க்குள் கிடக்க, பின்னால் வந்தவர்கள் கொடுத்து, எடைபோட்டு, போய்க்கொண்டே இருந்தார்கள். என் அப்பாவும் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

தினமும் காலையில் அவர் தார்ப்பாயை விலக்கி, காலால் நெல்லைக் கிண்டிவிடுவார். ஒரு நாள் திடீரென்று மழை. ஓடிவந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் தேடினார். களத்தில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவரும் போகவில்லை. எடைபோடுகிறவர்களுக்குப் பயந்து அல்ல, அவர் மேல் கோபம். "இவரால் நம் வரிசையும் நின்றுவிடும்" என்று வாய்விட்டே திட்டினார்கள். மறுத்தவருக்குப் பக்கத்து மனிதர் துணை வருவார் என்று அந்த யேல் சோதனை சொல்லலாம். எங்கள் களத்தில் பக்கத்து மனிதர்தான் முதல் எதிரி. கடைசியில் மேலே படுத்து அடக்கிக்கொண்டார், தார்ப்பாயின் மேல் குப்புற, கையையும் காலையும் விரித்து.

ஓரத்து நெல் முளைவிட்டது. அதைக் கழித்துவிட்டு மீதியை எடுத்தார்கள். அவர் ஒரு பைசாகூட லஞ்சம் கொடுக்கவில்லை.

அடுத்த பருவத்தில் அவர் வண்டி வந்ததுமே, "இந்த ஆளுடையதை முதலில் எடைபோட்டு அனுப்பித் தொலையுங்கள்" என்றார்கள். பின்னால் நின்றவர்களிடம் வழக்கம்போல் வசூல். ஆறு மாதப் பணமும் இல்லாமல், எழுத்தில் எதையும் கேட்காமல், கூட்டத்தின் நடுவிலேயே மறுத்த இந்த மனிதரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தணிக்கையாளர் ஐயாதான் சொல்ல வேண்டும்.