நாலு பேருக்கு ராத்திரி சாப்பாடு, நூறு ரூபாய்க்குள்ள: பத்து மணிக்குத் திரும்பப் பசிக்காம இருக்க என்ன சமைக்கலாம்?

காட்பாடிக்காரி

பெரியவங்க ரெண்டு பேர், 9 வயசிலயும் 13 வயசிலயும் பிள்ளைங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய், கேஸும் அதுக்குள்ளயே அடங்கணும். ரேஷன் அரிசி, துவரம்பருப்பு, பாமாயில் இருக்கு. ஒரே அடுப்பு, 5 லிட்டர் குக்கர், ஒரு மண்சட்டி, மிக்சி. பிரிட்ஜ் கிடையாது.

சிக்கல் மூணு. ரசம் சோறு, உருளைக்கிழங்கு வறுவல்னு ஏழரைக்குச் சாப்பிட்டா பத்துக்கெல்லாம் பசங்க பிஸ்கட் டப்பாவைத் தேடுறாங்க. ரேஷன் பருப்பு எட்டு விசில் விட்டாலும் முழுசு முழுசா நிக்குது. கேவுரு (கேழ்வரகு) களி கிண்டினா உள்ளே மாவு உருண்டை உருண்டையா இருக்கு. மூணுக்கும் யாராவது அளவோட சொல்லுங்க.

---

குடியாத்தம் அடுப்பங்கரை

முதல்ல பசி. நாலு பேர் ரசத்துக்கு ஒரு கைப்பிடி பருப்பு போடுறோம், 30 கிராம் இருந்தா அதிகம். உருளைக்கிழங்கும் சோறு மாதிரி மாவுச்சத்துதான். தட்டு நிறைஞ்ச மாதிரி தெரியும், வயித்துல நிக்காது. பருப்பு, கொள்ளு, பச்சப்பயறு எதுவானாலும் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு. நாலு பேருக்கு 200 கிராம் போட்டா ஆளுக்கு 11 கிராம் வரும். அதனால வறுவலுக்குப் போற காசையும் எண்ணெயையும் பருப்புப் பக்கம் திருப்புங்க. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அந்த விலைக்கு வெளியில எந்தக் காயும் இவ்வளவு பசி தாங்காது. மாசம் ஒரு கிலோ அஞ்சு நாள் கடைசலுக்குத்தான் வரும், மீதி நாளுக்குக் கொள்ளும் பயறும் வாங்கிக்கணும்.

பருப்பு வேகாததுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணிதான். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்போட செல் சுவரைக் கெட்டிப்படுத்திடும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் கரையாது. ரெண்டாவது, பருப்பு பழசா இருக்கலாம். மூணாவது, புளியையோ தக்காளியையோ கூடவே போட்டு வேக வைக்கிறது. புளிப்பு சேர்ந்தா பருப்பு மசியாது. (உப்புப் போட்டா வேகாதுன்னு சொல்லுவாங்க. அது அவ்வளவு பெரிய குத்தவாளி இல்லை.)

200 கிராம் பருப்பை நாலு தண்ணி கழுவி, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊற வைங்க. ஊற வச்ச தண்ணியைக் கீழ ஊத்திட்டு, குடிக்கிற தண்ணி 3 டம்ளர் (200 மில்லி டம்ளர்), மஞ்சள்தூள், பாமாயில் ஒரு டீஸ்பூன் சேர்த்துக் குக்கர்ல வைங்க. எண்ணெய் விட்டா நுரை பொங்கி வெயிட்டை அடைக்காது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 12 நிமிஷம், அப்புறம் அணைச்சிட்டு அழுத்தம் தானா இறங்கட்டும். அந்தப் பத்து நிமிஷமும் கேஸ் செலவில்லாத வேக்காடுதான். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினா அது வீண்.

---

ஆரணி மத்து

மேல சொன்னதெல்லாம் சரி. அதுக்கும் வேகலைன்னா ஆப்ப சோடா சிட்டிகையிலும் சிட்டிகை, 200 கிராம் பருப்புக்கு கால் டீஸ்பூன்ல பாதி. கூடினா சோப்பு வாடை அடிக்கும்.

களிக்கு வரேன். களி கட்டி தட்டுறது கிண்டுற கைக்குத் தெம்பு இல்லாததால இல்லைங்க, நேரம் தெரியாததால. மாவைக் கொட்டின உடனே கிண்டினா ஒவ்வொரு உருண்டைக்கும் மேல் தோல் மட்டும் வெந்து பசையாகிடும், உள்ளே தண்ணி போக வழியில்லாம மாவு மாவாவே நிக்கும். கொட்டினதும் தொடவே கூடாது.

நாலு பேருக்கு: கேவுரு மாவு 2 டம்ளர், நொய் அரை டம்ளர், தண்ணி 6 டம்ளர், உப்பு முக்கால் டீஸ்பூன். நொய் தனியா வாங்க வேணாம். ரேஷன் பச்சரிசியை மிக்சில ரெண்டே சுத்து சுத்தினா போதும். புழுங்கல்ல உடைச்சா கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும்.

நொய்யை 20 நிமிஷம் ஊற வைங்க. அடி கனமான பாத்திரத்துல தண்ணி கொதிச்சதும் உப்பு, நொய் போட்டு, நொய்யை விரல்ல நசுக்கினா கூழா ஆகுற வரைக்கும் வேக விடுங்க, 12 நிமிஷம் ஆகும். இப்ப அந்தக் கஞ்சித் தண்ணியில முக்கால் டம்ளர் மொண்டு தனியா வச்சிக்குங்க. இதை விடறவங்கதான் கடைசியில பச்சைத் தண்ணி ஊத்திக் கெடுத்துக்குவாங்க.

தீயைக் குறைச்சு, மாவை நடுவுல குன்று மாதிரி கொட்டுங்க. துடுப்பால குன்று நடுவுல அடி வரைக்கும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியா தண்ணி பொங்கி வந்து மாவு மேல வழியணும். தட்டை அரைகுறையா மூடி 8 லிருந்து 10 நிமிஷம் விடுங்க. மாவோட நிறம் வெளிர்ச் சாம்பல்லேருந்து கருஞ்செவப்பா மாறினா உள்ளே ஆவி ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் அடுப்பை அணைச்சு, பாத்திரத்தைத் தரையில வச்சு, துணி சுத்திக் கெட்டியாப் பிடிச்சுக் கிண்டுங்க. வட்டமாச் சுத்தினா பிரயோஜனமில்லை. மாவைப் பாத்திரத்துப் பக்கச் சுவர்ல அழுத்தித் தேய்க்கணும், கட்டி அங்கதான் உடையும். எடுத்து வச்ச கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே 4 நிமிஷம். திரும்ப அடுப்புல ஏத்தி, மேல கையால தண்ணி தெளிச்சு மூடி, சின்னத் தீயில 4 நிமிஷம் ஆவி. நனைச்ச விரலால தொட்டா ஒட்டக்கூடாது. ஒட்டினா இன்னும் ரெண்டு நிமிஷம்.

ஏனத்துல தண்ணி தடவி உருட்டிப் போடுங்க. பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க: களியை மெல்லக் கூடாது, பிட்டுக் குழம்புல புரட்டி முழுங்கணும். மெல்லுறவங்கதான் களி பிடிக்காதுன்னு சொல்றவங்க.

---

காட்பாடிக்காரி

அக்கா, ரொம்ப நன்றி. நேத்து பண்ணிப் பார்த்தேன். கட்டி இல்லை, ஆனா நடுவுல பிட்டா வெள்ளையா ஒரு கோடு தெரியுது. அது வேகாததா? களிக்குத் தொட்டுக்க ஒண்ணு சொல்லுங்க, கருவாடுன்னா கிட்டவே பயம், ஒரு தடவை உப்பு தாங்கல.

---

ஆரணி மத்து

வேகாததுதான் மா. ஆவி நிறுத்தினது சீக்கிரமா இருக்கும், இல்லைன்னா ஓட்டை அடைஞ்சிருக்கும். தூக்கிப் போடாதீங்க. சட்டியிலயே பரப்பி, கால் டம்ளர் சுடுதண்ணி தெளிச்சு, மூடி 5 நிமிஷம் சின்னத் தீயில வச்சுத் திரும்ப ஒரு கிண்டு.

தொட்டுக்க கொள்ளுக் கடைசல். 200 கிராம் கொள்ளைக் கல் பொறுக்கி (கொள்ளுல கல் அதிகம், ஏமாறாதீங்க), காலையிலயே ஊற போட்டுட்டா சாயங்காலம் குக்கர்ல 4 டம்ளர் தண்ணி விட்டு, சின்னத் தீயில 20 நிமிஷம் போதும். ஊற வைக்க மறந்தா வறுத்துப் போட்டு அரை மணி நேரம், கேஸ் கூடுதலா போகும். வெந்ததும் தண்ணியை இறுத்து வைங்க, ஊத்திடாதீங்க. கொள்ளோட பூண்டு 6 பல், காய்ஞ்ச மிளகா 4, சீரகம் ஒரு டீஸ்பூன் சேர்த்து மத்தால கடைஞ்சு, கடுகு கறிவேப்பிலை தாளிச்சா கடைசல் ரெடி. இறுத்த தண்ணியில புளி எலுமிச்சை அளவுல பாதி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டினதும் இறக்கினா கொள்ளு ரசம், அடுத்த வேளை சோத்துக்கு. ஒரே வேக்காட்டுல ரெண்டு.

---

சோளிங்கர் சட்டி

கருவாடு உப்பாகிறது கருவாட்டோட தப்பில்லை, குழம்புல முன்னாடியே உப்புப் போடுறதால. நெத்திலிக் கருவாடு 50 கிராம் நாலு பேருக்குப் போதும். தலையைக் கிள்ளி, கொதிக்கிற தண்ணியில 10 நிமிஷம் போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டி மூணு தடவை அலசுங்க. அடியில மணல் நிக்கும், கடைசித் தண்ணி தெளிவா வரணும். மொச்சைக்கொட்டையை முந்தின ராத்திரியே ஊற போட்டு, தனியா வேக வச்சுக்குங்க.

சட்டியில வெங்காயம், தக்காளி வதக்கி, மொச்சை, கத்திரிக்காய் கால் கிலோ, குழம்புத்தூள் 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, காய் முக்கால் வெந்ததும் கருவாட்டைப் போட்டு 7 நிமிஷம். அப்பத்தான் நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பார்த்து உப்பு. பெரும்பாலும் தேவைப்படாது. கருவாடு போட்ட பிறகு கரண்டியால துழாவாதீங்க, நெத்திலி தூளாகிடும், சட்டியைப் பிடிச்சு ஆட்டினா போதும்.

கத்திரிக்காய்க்கு நம்ம வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரி வரத்து நல்லா இருக்கும்போது வாங்குங்க, காம்புல முள் இருக்கும், விதை கம்மி, கரையாம நிக்கும். விலை ஏறினா சாதா காய் போதும், குழம்புக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. முள்ளுக் கத்திரிதான் வேணும்னு அடம் பிடிக்கிறது கத்திரிக்காய்க் கடைசலுக்கு மட்டும் செல்லும்.

கருவாடு வேணாம்கிற நாளுக்கு இதே குழம்புல முட்டை. அவிச்சு உரிச்சுப் போடுறது ஒரு வேலை, ஒரு கேஸ் செலவு. நேரா உடைச்சு ஊத்துங்க. ஒவ்வொண்ணையும் முதல்ல ஒரு கிண்ணத்துல உடைச்சுப் பாத்துட்டு, கொதி அடங்கின குழம்புல ஒவ்வொரு மூலையில ஒண்ணு. மூடி 5 நிமிஷம், கரண்டி உள்ளே போகக் கூடாது. கொதிக்கிறப்போ ஊத்தினா வெள்ளை நூல் நூலா பிரிஞ்சு குழம்பே கலங்கிடும்.

---

குடியாத்தம் அடுப்பங்கரை

காய் விஷயத்துல ஒண்ணு. உழவர் சந்தையில கடை கட்டுற நேரத்துக்குப் போனா கீரைக்கட்டு, வெண்டை, கத்திரி கூறு போட்டுக் கொடுப்பாங்க. கீரையை அன்னைக்கே சமைக்கணும், பிரிட்ஜ் இல்லாம ராத்திரி தாண்டாது.

ரேஷன் அரிசி கழுவும்போது சில மணி மட்டும் மஞ்சள் சாயல்ல, மிதக்கிற மாதிரி இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கி எறியறாங்க. அது செறிவூட்டின மணி, நூத்துக்கு ஒண்ணுன்னு கலந்திருப்பாங்க, இரும்பும் போலிக் அமிலமும் விட்டமின் பி12ம் அதுல இருக்கு. சாதாரணமாக் கழுவுங்க, அழுத்தித் தேய்க்காதீங்க. வாடை இருந்தா அரை மணி நேரம் ஊற வச்சு, தண்ணி மாத்தி, வடிச்சு சமைங்க. குக்கர்ல வச்சா வாடை உள்ளேயே சுத்தும். வடிச்ச கஞ்சியில உப்பும் மோரும் போட்டா பத்து மணிப் பசிக்கு அதுவே ஆச்சு.

பாமாயில் மார்கழியில அடியில உறைஞ்சு வெள்ளையா நிக்கும். கெட்டுப்போகல. பாட்டிலை வெந்நீர்ல வச்சா கரைஞ்சிடும்.

---

காட்பாடிக்காரி

கொள்ளுக் கடைசலும் களியும் நேத்து. பெரியவன் ரெண்டு உருண்டை, சின்னவ பாதியோட நிறுத்திட்டா, ஆனா பத்து மணிக்கு டப்பா பக்கம் யாரும் போகல. ஒரு சந்தேகம்: ரெண்டு உருண்டை மீந்திருக்கு, பிரிட்ஜ் இல்லாம என்ன பண்றது?

---

ஆரணி மத்து

முழுசா மூழ்குற அளவு தண்ணி ஊத்தி, மண்சட்டியில மூடி வைங்க. காலையில கையால கரைச்சு, மோர், கல் உப்பு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டா கூழ். அக்னி வெயில்ல பத்து, பன்னண்டு மணி நேரத்துக்கு மேல போனா புளிப்பு ஏறி வாடை மாறிடும், அதனால விடிஞ்சதும் குடிச்சிடுங்க. கடைசலை மட்டும் மிச்சம் வைக்காதீங்க, பருப்புச் சமாசாரம் சீக்கிரம் ஊசிப் போகும். புளிக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு ரெண்டும் ராத்திரி ஒரு கொதி விட்டு, எச்சில் கரண்டி போடாம வச்சா மறுநாள் மதியத்துக்கும் வரும். சின்னவளுக்கு அடுத்த தடவை உருண்டையைச் சின்னதா உருட்டி, நடுவுல பள்ளம் பண்ணிக் குழம்பை ஊத்திக் கொடுங்க.