எக்செலில் கோபைலட் சார்பு ஒரே கருத்துக்கு இரண்டு விடை தருவது ஏன்?

கேள்வி:
எங்கள் துணிக்கடைக்கு வாடிக்கையாளர்கள் எழுதிய 640 கருத்துகள் எக்செலில் உள்ளன. அவற்றைப் புகார், பாராட்டு என்று பிரிப்பதற்காகப் பக்கத்து நெடுவரிசையில் கோபைலட் சார்பை (செல்லுக்குள்ளிருந்தே செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் COPILOT ஃபங்ஷன்) எழுதிக் கடைசி வரை இழுத்துவிட்டேன். நூறு வரிசைகளைத் தாண்டியதும் பிழை காட்டுகிறது. நேற்று ‘புகார்’ என்று வந்த சில வரிசைகள் இன்று ‘பாராட்டு’ ஆகியிருக்கின்றன. மொத்தப் புகார்கள் எத்தனை என்று அதே சார்பிடம் கேட்டால், அந்த எண்ணும் நிலையாக இல்லை. என் ஃபார்முலாவில் தவறா?

மறுமொழி 1:
ஃபார்முலாவில் தவறில்லை. 2025 ஆகஸ்டில் இச்சார்பு அறிமுகமானபோதே, பத்து நிமிடத்துக்கு 100, மணிக்கு 300 அழைப்புகள் (சார்பு ஒருமுறை இயங்குவது ஓர் அழைப்பு) என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்தது. நீங்கள் வரிசைக்கு ஓர் அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். ஐம்பது செல்களை A2:A51 போல ஒரே வீச்சாகக் கொடுத்தால் அது ஓர் அழைப்பாகவே கணக்காகும். ஆனால் பெரிய வீச்சுகளில் சில வரிசைகள் விடுபடக்கூடும் என்பதால், ஐம்பது கொடுத்தால் ஐம்பது விடைகள் வந்தனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
விடை மாறுவதற்குக் காரணம் வேறு. கோபைலட்டின் பின்னால் இயங்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) அடுத்த சொல்லை நிகழ்தகவைக் கொண்டு தேர்ந்தெடுப்பதால், தாள் மறுகணக்கீடு செய்யப்படும்போது அதே கருத்துக்கு வேறு விடை வரலாம். எனவே விடை வந்தவுடன் நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ மட்டும் ஒட்டி உறையவைத்துவிடுங்கள். எண்ணிக்கையைக் கோபைலட்டிடம் கேட்காதீர்கள். கணக்குக்கு இதைப் பயன்படுத்த வேண்டாமென்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. உறைந்த நெடுவரிசையின் மேல் குறிப்பிட்ட சொல் உள்ள செல்களை எண்ணும் கவுண்ட்இஃப் (COUNTIF) சார்பைப் போட்டால் போதும்.

மாறிய வரிசைகளில் ‘பரவாயில்லை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அது பாராட்டாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். ‘நன்றாகத்தான் கவனித்தார்கள், ஒரு மணி நேரம் நிற்க வைத்து’ என்பதையும் மொழி மாதிரி பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம். ‘தெளிவில்லை’ என்ற மூன்றாம் வகையை ஃபார்முலாவிலேயே சேர்த்து, இம்மூன்றைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்று குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மாறிய ஒன்பது வரிசைகளில் ஆறில் ‘பரவாயில்லை’ இருந்தது. மூன்றாம் வகையைச் சேர்த்தபின் 41 கருத்துகள் அதில் விழுந்தன; அவற்றை நானே படித்துப் பிரித்துக்கொள்கிறேன்.