கால்நடை மருத்துவப் படிப்பு விண்ணப்பம்: 7.5 சதவீதக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டோம், தங்கச்சி உதவி பெறும் பள்ளியில் படித்தவள். என்ன செய்வது?

கேட்டவர் (ஊர் விளாத்திகுளம் பக்கம், வேலை ஸ்ரீபெரும்புதூரில்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். பியூர் சயின்ஸ் குரூப். தாவரவியல் 96, விலங்கியல் 98, இயற்பியல் 91, வேதியியல் 94. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு பி.வி.எஸ்சி விண்ணப்பம் போடுகிறோம். நான் ஐடிஐ படித்துவிட்டு இங்கே கம்பெனியில் இருக்கிறேன். ஊருக்குப் போக முடியவில்லை. அவள் அப்பாவோடு பக்கத்து டவுனில் ஒரு நெட் சென்டருக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறாள். பணம் இன்னும் கட்டவில்லை, சேமித்து மட்டும் வைத்திருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி பிரிண்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் டிக் விழுந்திருக்கிறது. ஒன்பதாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, சரி. ஆனால் ஆறு முதல் எட்டு வரை கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளி. சென்டரில் இருந்தவர் "அதுவும் அரசுப் பள்ளி மாதிரிதான்" என்று சொல்லிப் போட்டுவிட்டாராம். இது செல்லுமா?

இன்னொன்று. சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கிறது. மார்க் ஷீட்டிலும் டிசியிலும் அந்த 'எச்' இல்லை. நாங்கள் பிசி.

வீட்டில் கன்னி இன ஆடுகள் நாற்பது உருப்படி இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் மழைக்குப் பிறகு தளிர்ப்புல் மேய்ந்து துள்ளுமாரி நோயில் ஒரே வாரத்தில் பதினொன்று போயின. அதற்கப்புறம் எந்த ஆட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்று ஒரு நோட்டில் அவள்தான் எழுதி வருகிறாள். எட்டாவது படிக்கும்போதிருந்தே இந்தப் படிப்பைத்தான் கேட்கிறாள். அதனால்தான் இந்தப் பதற்றம்.

பதில் 1

நீட் மார்க் எவ்வளவு தம்பி? நீட் இல்லாமல் இப்போது எந்த மருத்துவப் படிப்பும் கிடையாது. முதலில் அதைச் சொல்லுங்கள்.

பதில் 2 (மூன்றாம் ஆண்டு பி.வி.எஸ்சி மாணவி)

மேலே சொன்னது தவறு. யாரும் குழம்ப வேண்டாம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. நான் நீட் எழுதவே இல்லை. நீட் மதிப்பெண் தேவைப்படுவது அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு. அதை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் தனியாக நடத்துகிறது, அதற்கு விண்ணப்பமும் தனி. புதுச்சேரியில் இருக்கிற கால்நடைக் கல்லூரிக்கும் நீட்தான். அநேகமாக அதைக் கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணா, உங்கள் தங்கச்சி கட்-ஆஃப் 200க்கு 189.5 வருகிறது. தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் நான்கும் தலா 50க்கு மாறும். 48, 49, 45.5, 47. உயிரியலை ஒரே பாடமாகப் படித்தவர்களுக்கு அது 100க்கு அப்படியே வரும், மற்ற இரண்டும் பாதி. சென்டரில் எல்லாப் பாடத்தையும் கூட்டி வேறு ஏதாவது கணக்குச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பி.டெக் படிப்புகளுக்குச் சேர்த்து டிக் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் எல்லாம் கணிதம் படித்தவர்களுக்கு. பியூர் சயின்ஸுக்கு அது வராது.

பதில் 3

7.5 பற்றி ஏன் இவ்வளவு யோசனை? அரசுப் பள்ளி எச்.எம். தெரிந்தவர் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேதான் படித்தாள் என்று ஒரு போனஃபைடு சான்றிதழ் எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் போனால் ஃபீஸும் இல்லை, ஹாஸ்டலும் இலவசம்.

பதில் 4 (ஓய்வு பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்)

தம்பி, பதில் 3 சொன்னதைச் செய்யாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

2021இல் வந்த சட்டத்தின்படிதான் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 7.5 சதவீதம் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு போன்ற பள்ளிகளும் அதில் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் சேருவார்கள். உதவி பெறும் பள்ளி சேராது. சம்பளத்தை அரசு கொடுக்கிறது, சத்துணவு, புத்தகம் எல்லாம் அங்கேயும் உண்டு, ஆனாலும் சட்டத்தில் அது தனி. உங்கள் தென் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில் பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பதே உதவி பெறும் பள்ளிதான். அது எனக்கும் வருத்தம்தான். முப்பது வருடம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவன் நான்.

பொய்ச் சான்றிதழ் ஏன் நிற்காது என்றால், பிள்ளையின் எமிஸ் எண்ணில் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு எண்) எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது அப்படியே பதிவாகியிருக்கிறது. எட்டாவது டிசி ஒன்பதாவதில் சேர்ந்த பள்ளியின் கோப்பில் கிடக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு வெளியே வந்தால் பிள்ளையின் படிப்பும் போகும், கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியரின் வேலையும் போகும்.

பணம் கட்டாததால் விண்ணப்பம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டு, பிசி பிரிவில் பொதுவாக விண்ணப்பியுங்கள்.

பதில் 5 (இ-சேவை மையம் நடத்துபவர்)

சாதிச் சான்றிதழ் விஷயம். வந்த சான்றிதழில் எழுத்தைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டிசி, ஆதார், பழைய சான்றிதழ், அப்பாவின் ரேஷன் கார்டு நான்கையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்து, பிசி என்பதால் மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்தில் வரும். எஸ்.சி. என்றால் வட்டாட்சியர், எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர் அளவில். விண்ணப்பித்ததும் விஏஓவை அப்பா நேரில் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் நல்லது. கோப்பு பெரும்பாலும் அங்கேதான் தேங்கும்.

அதே நாளில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் போட்டுவிடுங்கள். நீங்கள் ஐடிஐ என்றீர்கள், அது பட்டம் இல்லை. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் தங்கச்சிதான் முதல் பட்டதாரி. 2010-11 முதல் அரசு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுக்கிறது. 7.5 இல்லை என்று மனம் விட வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். பள்ளி முத்திரை வட்டம் மங்கலாக இருந்தால், மையத்தில் போன் கேமராவில் எடுத்துப் போட்டால் எழுத்தே தெரியாது. ஸ்கேனரில் கலரில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், பதில் 3ஐப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் சபலம் வந்தது. இன்னும் மூன்று வருடம் ஓவர்டைம் பார்க்க வேண்டுமே என்று கணக்குப் போட்டேன். அவள் ஒரே வார்த்தையில் "அந்த ஸ்கூல்லதான படிச்சேன், வேற எதுக்கு எழுதணும்" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை.

ஒரே ஒரு கேள்வி. 189.5க்கு இடம் கிடைக்குமா? இல்லையென்றால் வேறு படிப்பையும் பார்க்க வேண்டும்.

பதில் 6 (மூன்றாம் ஆண்டு பி.வி.எஸ்சி மாணவி)

அண்ணா, கிடைக்கும், கிடைக்காது என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். கட்-ஆஃப் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகிறது. அந்த வருடத் தேர்வு கடினமா, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். தரவரிசையின் மேலே இருக்கிறவர்களில் பலர் எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் போய்விடுவார்கள். அதனால் முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்று கலந்தாய்விலிருந்து விலகிவிட வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே கடைசிச் சுற்றில் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி அதற்குள் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். உங்கள் தங்கச்சியும் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டு வைக்கட்டும்.

இரண்டாவது, கல்லூரி வரிசை. சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு இருக்கின்றன. திருநெல்வேலி பக்கம் என்று அதை மட்டும் போட்டுவிடாதீர்கள். பிடித்த வரிசையில் ஏழையும் போடுங்கள். பட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பாடத்திட்டமும் கவுன்சில் வகுத்தது.

படிப்பு ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. முதல் வருடத்தில் உடற்கூறியல் ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் அதைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். கால்நடை உற்பத்தி மேலாண்மை என்று ஒரு பாடம் இருக்கிறது, அதற்காக விடியற்காலையில் பண்ணைக்குப் போக வேண்டும். அவளுக்கு அது பழக்கமான வேலையாகத்தான் இருக்கும்.

பதில் 7 (கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கண்மாய்க்கு அந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியும். அங்கேயெல்லாம் வேலை பார்த்திருக்கிறேன். முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு ஓடுகிற கறுப்புக் கன்னி அந்தக் கரிசல் காட்டுக்கே உரிய ஆடு. தங்கச்சி வைத்திருக்கிற நோட்டுக்கு மாணவர் சேர்க்கையில் மதிப்பெண் கிடையாது, நேர்முகத் தேர்வே இல்லை. ஆனாலும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். மழைக்கு முன்னால் துள்ளுமாரி ஊசி போட்டதா, ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி எந்த மாதம் என்று எழுதி வைக்கிற பழக்கம், எங்கள் வேலையில் வயதானவர்களிடமே குறைவு.

ஒரு எச்சரிக்கை. தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு "பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன்" என்று போன் வரும். வைத்துவிடுங்கள். இந்த இடங்களுக்குப் பட்டியலும் கலந்தாய்வும்தான் வழி.

வயதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் வருடத்தின் டிசம்பர் 31க்குள் 17 முடிந்திருக்க வேண்டும்.

கேட்டவர் (மூன்று நாள் கழித்து)

போட்டாயிற்று. நேற்று இரவு வண்டி ஏறி நானே ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் அவளும் நானும் வேறொரு மையத்துக்குப் போய், 7.5 டிக்கை எடுத்து, உதவி பெறும் பள்ளியின் பெயரை ஆறு, ஏழு, எட்டுக்கு எதிரே அவளே டைப் செய்தாள். பி.டெக்கிலும் டிக் விழுந்திருந்தது, நல்ல வேளை பார்த்தோம். பணம் கட்டி, விண்ணப்ப எண்ணோடு மூன்று பிரதி எடுத்துவிட்டோம்.

சாதிச் சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறோம், இப்போதைக்குப் பழையதைத்தான் ஏற்றினோம். விஏஓ அப்பாவிடம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். சரிபார்ப்புக்குப் போகும்போது பழையது, புதியது இரண்டையும் கையில் வைத்திருப்போம், சரிதானே?

பதில் 8 (இ-சேவை மையம் நடத்துபவர்)

சரிதான். புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள், தேதி தெரியும். திங்கட்கிழமை போகும்போது அப்பா டிசி ஒரிஜினலைக் கொண்டுபோகட்டும். அந்த 'எச்' இல்லாத எழுத்தை விஏஓ கண்ணால் பார்த்தால் வேலை சீக்கிரம் முடியும்.